கோடரியின் சாட்சியம்

சரவாக் மாநிலத்தின் நிலச் சட்டம் 1958 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அப்போது சரவாக் ஒரு பிரிட்டிஷ் காலனி. மலேசியா என்ற நாடு பிறக்க இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. பழங்குடி மக்களுக்குப் பரம்பரை நில உரிமை எப்படி உண்டாகும் என்பதை அந்தச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு வரிசையாகச் சொல்கிறது. யாரும் தொடாத காட்டை வெட்டி, வெட்டிய இடத்தில் குடியிருந்திருக்க வேண்டும். அல்லது பழமரங்கள் நட்டிருக்க வேண்டும். பயிரிட்டிருக்கலாம். இடுகாடாகவோ வழிபாட்டு இடமாகவோ வைத்திருக்கலாம். பாதையாகப் பயன்படுத்தியிருக்கலாம். கடைசியில், சட்டத்துக்கு உட்பட்ட வேறு வழி ஏதேனும் இருந்தால் அதுவும் என்று ஒரு சிறு சாளரம் விட்டிருந்தார்கள். எதுவானாலும் 1958-க்கு முன் நடந்திருக்க வேண்டும்.

பட்டியலின் தலையில் நிற்பது கோடரி. காடு என்னுடையது என்று நிரூபிக்க நான் அதை வெட்டியிருக்க வேண்டும்.

வடக்கு போர்னியோவின் மழைக்காட்டில் முப்பது நாற்பது ஆண்டுகளாக நடந்த ஒரு போராட்டத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்த முதல் வரிக்கே நான் திரும்பி வருகிறேன். புல்டோசர்களும் மறியல்களும் கைதுகளும் நீதிமன்றங்களும் நிறைந்த கதை அது. ஆனால் அதில் வரும் எல்லா அநியாயமும் இந்த வரியிலிருந்துதான் கிளைத்திருக்கிறது என்று தோன்றுகிறது.

வெளிப்பார்வைக்கு அது தாராளமான பட்டியல்தான். ஆற்றங்கரைகளில் நீள்வீடுகள் கட்டி, சரிவுகளில் காடு வெட்டி எரித்து மலைநெல் விதைக்கும் இபான், கயான், கென்யா ஆகிய போர்னியோப் பழங்குடிகளை மனத்தில் வைத்து எழுதியது. மாவட்ட அதிகாரி படகில் போனால் கரையிலிருந்தே கண்ணில் படும் வாழ்க்கை அவர்களுடையது. அதே ஆறுகளின் தலைப்பகுதியில், பாராமும் லிம்பாங்கும் ஊற்றெடுக்கும் மேட்டுக் காடுகளில், வேறொரு மக்கள் இருந்தார்கள். நெல் விதைக்காதவர்கள். ஓரிடத்தில் தங்காதவர்கள். பெனான் என்று பெயர். இன்று அவர்கள் பதினையாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். மிகப் பெரும்பாலோர் சென்ற இரண்டு மூன்று தலைமுறைகளில் ஊர்களில் குடியமர்ந்து நெல்லும் மரவள்ளியும் பயிரிடக் கற்றுக்கொண்டவர்கள். 1980-களில் சில நூறு பேராவது முழுக்கக் காட்டிலேயே அலைந்து வாழ்ந்தார்கள்.

அவர்களுடைய சோறு சாகோ. நம் வீட்டுப் பாயசத்தில் விழும் ஜவ்வரிசிக்கு ஆதியில் மூலப்பொருள் இதுதான். சேலத்தில் அதை மரவள்ளியில் செய்யக் கற்றுக்கொண்டது பின்னால் வந்த கதை. பெனான்கள் நம்பியிருப்பது மேட்டுச் சரிவுகளில் புதர் புதராக வளரும் உவுட் என்ற காட்டுப் பனை. ஒரு புதரில் பல தண்டுகள் இருக்கும். முற்றிய தண்டு ஒன்றோ இரண்டோ வெட்டுவார்கள், இளந்தண்டுகளைத் தொடமாட்டார்கள். தண்டைப் பிளந்து உள்சோற்றை இடித்து, ஓடைக்கரையில் பாய் விரித்து, தண்ணீர் ஊற்றிக் காலால் மிதித்தால் மாவு கீழே இறங்கும். அந்தப் பகுதியில் முற்றிய தண்டுகள் தீர்ந்ததும் கூட்டம் அடுத்த பகுதிக்குப் போய்விடும். சில ஆண்டுகள் கழித்துத் திரும்பும்போது விட்டுவைத்த தண்டுகள் முற்றியிருக்கும். கூடவே தாடிப் பன்றி, மான், குரங்கு, மீன், பழம். வேட்டைக்கு ஊதுகுழலும், ஈட்டியும், நாய்களும். குழல் அம்பின் நஞ்சை ஒரு மரத்தின் பாலிலிருந்து எடுக்கிறார்கள்.

இந்தப் பராமரிப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மோலோங். ஒரு சாகோப் புதரையோ பழமரத்தையோ நஞ்சு மரத்தையோ கண்டவர் அதில் ஓர் அடையாளம் கொத்திவிட்டால் அது அவருடைய மோலோங். மற்றவர்கள் அதை மதிப்பார்கள். பிள்ளைகளுக்கும் அது போய்ச் சேரும். நாளைக்கென்று இன்று விட்டுவைப்பதுதான் அதன் சாரம். பீட்டர் புரோசியஸ் என்ற மானிடவியலாளர் பெனான்களோடு வாழ்ந்து இதை விரிவாக எழுதியிருக்கிறார். அவர் காட்டும் இன்னொன்று, ஆற்றுப் பெயர்கள். ஒவ்வொரு ஓடைக்கும் ஒரு பெயர் உண்டு. அங்கே நின்ற ஒரு மரமோ, நடந்த ஒரு சம்பவமோ, வாழ்ந்த ஒரு மனிதரோ அந்தப் பெயரில் இருப்பார். ஒரு கிழவர் ஓடைகளின் பெயரை வரிசையாகச் சொன்னால் அவர் குடும்ப வரலாற்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார் என்று அர்த்தம்.

எழுத்து என்று ஒன்று அவர்களிடம் இல்லாவிட்டாலும் காட்டில் செய்தி விடும் முறை உண்டு. அதற்கு ஓரோ என்று பெயர். பாதையோரம் ஒரு குச்சியை நட்டு, அதில் பிளவு செய்து, இலைகளையும் சிறு குச்சிகளையும் செருகிவைப்பார்கள். நாங்கள் இந்தத் திசையில் போயிருக்கிறோம், பசியாக இருக்கிறோம், விரைந்து வாருங்கள் என்றெல்லாம் பின்னால் வருகிறவருக்கு அது சொல்லும். சம நீளத்தில் இரண்டு குச்சிகள் இருந்தால் நாம் ஒரே மனத்தவர் என்று பொருள். சில நாட்களில் இலை வாடும். சில மாதங்களில் குச்சி மட்கும்.

சாவு நேர்ந்தால் புதைத்துவிட்டு அந்த இடத்தை விட்டே போய்விடுவது பழைய பெனான் வழக்கம். கல்லறை கட்டுவதில்லை. இறந்தவர் பெயரை உச்சரிப்பதையும் தவிர்ப்பார்கள்.

இப்போது சட்டத்தின் பட்டியலை மறுபடி எடுத்துப் பாருங்கள். வெட்டிய காடு எங்கே? இல்லை. நட்ட மரம்? காட்டிலேயே முளைத்ததைத்தான் காத்து வந்தோம். இடுகாடு? அடையாளம் வைக்கவில்லை. பெனான்களிடம் உடைமை உணர்வு இருந்தது, எல்லை இருந்தது, வாரிசு முறை இருந்தது, நிலத்தை வீணாக்காத ஒழுங்கும் இருந்தது. இவற்றில் எதையும் வாசிக்கும் கண் அந்தச் சட்டத்துக்கு இல்லை. காட்டுக்கு ஊறு செய்யாமல் வாழ்ந்ததே அவர்கள் அங்கே வாழவில்லை என்பதற்குச் சாட்சியமாகிவிட்டது. அவர்கள் சாய்ந்துகொள்ள முடிந்த ஒரே இடம் கடைசியில் இருந்த அந்தச் சாளரம். அதையும் 2000-ஆம் ஆண்டில் ஒரு திருத்தத்தின் மூலம் மாநில அரசு அடைத்தது.

யாருக்கும் உரிமையில்லாத காடு என்றால் அது அரசின் காடு. மலேசியாவில் நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரத்தில் வருபவை. சரவாக்கில் மரவெட்டு உரிமம் தருவது ஏறத்தாழ ஒரு சில மனிதர்களின் கையெழுத்தாக இருந்தது. எப்படிப்பட்ட கையெழுத்து என்பது 1987-இல் ஒரு குடும்பச் சண்டையில் ஊரறிய வெளிவந்தது. முதலமைச்சர் அப்துல் தாயிப் மஹ்மூதும், அவருக்கு முன் முதலமைச்சராக இருந்த அவருடைய தாய்மாமன் ரஹ்மான் யாக்கூபும் அரசியலில் மோதிக்கொண்டபோது, யார் தரப்புக்கு எத்தனை மரவெட்டு உரிமங்கள் போயின என்ற பட்டியலை ஒருவர்மீது ஒருவர் வெளியிட்டார்கள். சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜேம்ஸ் வோங் லிம்பாங் பகுதியில் பெரிய மரவெட்டு நிறுவனம் ஒன்றின் முதலாளி. அந்த நாட்டில் இதை யாரும் வினோதமாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. தாயிப் 1981 முதல் 2014 வரை முதலமைச்சராக இருந்துவிட்டு, அதன்பின் மாநில ஆளுநராகவும் ஆனார்.

சரவாக் மரத்தில் பெரும்பகுதி அன்று ஜப்பானுக்குப் போயிற்று. அங்கே அதைத் தோலுரித்து ஒட்டி பிளைவுட்டாக்கினார்கள். அந்தப் பலகைகளில் கணிசமானவை கான்கிரீட் ஊற்றும் சென்ட்ரிங் வேலைக்குப் போயின. இரண்டு மூன்று தடவை பயன்படுத்திவிட்டு வீசிவிடுவார்கள். ஒரு பெனான் குடும்பம் தலைமுறைக் கணக்கில் காத்துவந்த மரத்தின் முடிவு தோக்கியோவில் ஏதோ ஒரு தூணைச் சில நாட்கள் தாங்கிப் பிடித்ததுதான்.

வேண்டிய மரத்தை மட்டும் தேர்ந்து வெட்டுகிறோம், காடு அப்படியே இருக்கிறது என்பது நிறுவனங்களின் பதில். தாளில் அது உண்மை. மலைச்சரிவில் ஒரு பெரிய மரத்தைச் சாய்த்தால் கொடிகளால் பிணைந்த அக்கம்பக்கத்து மரங்களும் கூடவே விழும். விழுந்ததை இழுத்துவர புல்டோசர் ஒரு பாதை போடும். அந்தப் பாதைகள் சேரும் இடத்தில் லாரிச் சாலை. முதல் கனமழைக்குச் செம்மண் கரைந்து ஓடைக்கு வரும். நீர் கலங்கினால் மீன் போய்விடும். பழம் தரும் மரங்கள் போனால் பன்றி வேறு பக்கம் போய்விடும். சாகோப் புதர்கள் புல்டோசருக்கு அடியில் நசுங்கும். அவற்றுக்குச் சந்தை விலை இல்லாததால் நட்டக் கணக்கிலும் வராது. 1990-இல் சர்வதேச வெப்பமண்டல மர அமைப்பு அனுப்பிய குழு சரவாக்கை நேரில் பார்த்துவிட்டு, இந்த வேகத்தில் வெட்டினால் தாங்காது, பெரிதும் குறைக்க வேண்டும் என்று எழுதியது. அது மர வணிகத்தை வளர்ப்பதற்காக உருவான அமைப்பு என்பதையும் கவனிக்க வேண்டும். 2013-இல் வெளியான ஒரு செயற்கைக்கோள் ஆய்வு, 1990-க்கும் 2009-க்கும் இடையில் மலேசிய போர்னியோவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு கடுமையான மரவெட்டுக்கோ அழிப்புக்கோ உள்ளாகியிருக்கிறது என்று காட்டியது.

மறியல் 1987 மார்ச் இறுதியில் தொடங்கியது. மறியல் என்றால் நம் கண்ணில் வருவது கொடியும் கோஷமும் போலீஸ் வேனும். அங்கே அது வேறு மாதிரி இருந்தது. சாலைக்குக் குறுக்கே கம்புகளைக் கட்டி, பிரம்பால் பிணைத்து, பக்கத்திலேயே இலைவேய்ந்த குடிசை போட்டு, கைக்குழந்தைகளோடும் நாய்களோடும் கிழவர்களோடும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்துவிட்டார்கள். ஊதுகுழல் கையில் இருந்தது. யாரையும் நோக்கி ஊதவில்லை. பாராம், லிம்பாங் மாவட்டங்களில் பல இடங்களில் ஒரே நேரத்தில் சாலைகள் அடைபட்டன. மாதக்கணக்கில் லாரிகள் நின்றன. பட்டினிதான் அவர்களுடைய பெரிய சிரமம். மறியலில் உட்கார்ந்தவர் சாகோ இடிக்கப் போக முடியாது. ஒரே இடத்தில் இத்தனை பேர் இத்தனை நாள் தங்கியது அந்த மக்கள் வரலாற்றிலேயே புதிது.

பதில் சட்டத்தின் வழியே வந்தது. அதே ஆண்டு நவம்பரில் மாநிலச் சட்டமன்றம் வனச் சட்டத்தைத் திருத்தி, மரவெட்டுச் சாலையை மறிப்பதைக் குற்றமாக்கியது. இரண்டாண்டு சிறை, 6,000 ரிங்கிட் அபராதம். அதற்குச் சற்று முன், அக்டோபரில், நாடு முழுதும் நடந்த கைது நடவடிக்கையில் ஹாரிசன் ங்காவ் என்ற கயான் இளைஞரை விசாரணையின்றிக் காவலில் வைக்கும் சட்டத்தில் பிடித்தார்கள். பழங்குடிகளுக்காகப் பாராமில் அலுவலகம் நடத்திவந்தவர் அவர். 1990-இல் அவருக்கு கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. அதே ஆண்டு பாராம் தொகுதியில் சுயேச்சையாக நின்று நாடாளுமன்றத்துக்கும் போனார்.

உலகத்துக்கு இந்தக் கதையைத் தெரியப்படுத்தியவர் புரூனோ மான்சர். சுவிட்சர்லாந்தில் மலைமேய்ப்பராக இருந்தவர். 1984-இல் வந்து 1990 வரை பெனான்களோடு காட்டில் வாழ்ந்தார். அவர்கள் மொழி பேசினார். போலீஸ் தேடியபோது அவர்கள் அவரை மறைத்துவைத்தார்கள். 2000 மே மாதம் ரகசியமாகத் திரும்பிவந்தவர் பத்து லாவி மலைப் பக்கம் போனார். அதன்பின் அவரைப் பார்த்தவர் இல்லை. 2005-இல் பாசல் நீதிமன்றம் அவரை இறந்தவராக அறிவித்தது. அவர் துணிச்சலிலோ நேர்மையிலோ எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனாலும் பெனான் போராட்டம் பற்றிய புத்தகமோ திரைப்படமோ எதை எடுத்தாலும் நடுவில் ஒரு வெள்ளைக்காரர் இடுப்புத்துணியோடு நிற்பது அலுப்பாக இருக்கிறது. அவருக்குப் பாதுகாப்புக் கொடுத்த அலோங் சேகா என்ற பெனான் தலைவர் 2011-இல் இறக்கும் வரை மரவெட்டை எதிர்த்துக்கொண்டே இருந்தார். அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? வெள்ளைக்காரர் இருந்தது மலேசிய அரசுக்கும் வசதியாகிவிட்டது. பழங்குடிகளைக் காட்சிப் பொருளாகவே வைத்திருக்க மேற்கத்தியர்கள் ஆசைப்படுகிறார்கள், நாங்களோ அவர்களை முன்னேற்ற விரும்புகிறோம் என்று அப்போதைய பிரதமர் மகாதீரின் அரசால் சொல்ல முடிந்தது.

முன்னேற்றம் என்ற அந்தச் சொல்லுக்கு முன்னால் நாமும் சற்றுத் தயங்கி நிற்க வேண்டும். கரிகாலன் காட்டை அழித்து நாடாக்கியதைப் பட்டினப்பாலை அவன் பெருமைகளில் ஒன்றாகவே பாடுகிறது. காடுவெட்டி என்பது பல்லவ அரசர்கள் விரும்பிச் சூடிக்கொண்ட பட்டம். அந்தப் பெயரில் இன்றும் நமக்கு ஊர்கள் இருக்கின்றன. காடு திருத்திப் பயிரிட்டவருக்குச் சில ஆண்டு வரிச்சலுகை கொடுத்த அரசர்களின் கல்வெட்டுகளும் உண்டு. உழுதவனுக்கு நிலம் என்பது சென்ற நூற்றாண்டின் மிக நியாயமான கோஷங்களில் ஒன்று. இவையெல்லாம் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நெல் நாகரிகம் ஒன்று தன்னைப் பார்த்துப் பெருமைப்படும் விதம் இது. ஆனால் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் கோடரியை முதல் சாட்சியாக எழுதியபோது, அவருக்குப் பின்னால் உழைப்பைக் கலந்தவருக்கே நிலம் என்ற ஜான் லாக்கின் தத்துவம் மட்டும் நிற்கவில்லை. அந்த வரியைப் படித்தால் நம் பாட்டனும் தலையசைத்திருப்பான். காட்டுக்குள் அப்போது யார் இருந்தார்கள் என்று கரிகாலனைப் பாடிய புலவர் கேட்கவில்லை. நாமும் அந்தப் பாட்டை மனப்பாடம் செய்தபோது கேட்கவில்லை.

வெட்டியவனுக்கே நிலம் என்பதாவது நேர்மையாகக் கடைப்பிடிக்கப்பட்டதா என்றால் அதுவும் இல்லை. தென்சீனக் கடலுக்கு இந்தப் பக்கம், மலாயா தீபகற்பத்தில், ரப்பர்த் தோட்டங்களுக்காகக் காட்டை வெளியாக்கிய கைகளில் தமிழ்க் கைகளும் இருந்தன. மலேரியாவில் செத்தும் அட்டைக்கடியில் புழுத்தும் அவர்கள் திருத்திய நிலத்தில் ஒரு காணிகூட அவர்களுக்கு வரவில்லை. தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது லயத்திலிருந்தும் வெளியேறினார்கள். கூலிக்கு வெட்டுகிறவனின் கோடரி சாட்சி சொல்லாது. சட்டம் எதிர்பார்க்கும் கோடரிக்கு ஒரு முதலாளி வேண்டும்.

1990-களில் சரவாக்கின் பழங்குடிகள் வேறு வகைச் சாட்சியம் தயாரிக்கத் தொடங்கினார்கள். வரைபடம். ஜி.பி.எஸ். கருவியோடு கிழவர்களையும் அழைத்துக்கொண்டு இளைஞர்கள் காட்டுக்குள் நடந்தார்கள். இது பழைய வயல், இது பாட்டன் காலத்துப் பழமரம், இது கல்லறை என்று ஒவ்வொன்றையும் புள்ளியாகக் குறித்தார்கள். 2001-இல் நோர் அனாக் ந்யாவாய் வழக்கில் சரவாக் உயர் நீதிமன்றம் இபான் ஊர் ஒன்றின் பக்கம் தீர்ப்பளித்தது. வெட்டிய நிலத்தோடு நில்லாமல் அதைச் சூழ்ந்த காட்டின்மீதும் உரிமை உண்டு என்று ஏற்றது. ஊரார் வரைந்த வரைபடம் அதில் சாட்சியமாக நின்றது. மாநில அரசு சும்மா இருக்கவில்லை. உரிமம் பெற்ற அளவையாளர் தவிர வேறெவரும் இத்தகைய நில வரைபடம் வரைவதற்குத் தடைபோடும் சட்டத்தை அதே ஆண்டில் கொண்டுவந்தது. சொந்தக் காட்டைத் தாளில் வரைவது குற்றம் என்று ஒரு சட்டமன்றம் கை தூக்கியது எனக்கு மறியல் தடைச் சட்டத்தைவிட அதிர்ச்சியாக இருந்தது. பயம் எங்கே இருந்தது என்பதை அது அவ்வளவு வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.

பெனான்கள் வரைந்துகொண்டேதான் இருந்தார்கள். பதினைந்து ஆண்டு உழைப்பில் அறுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் சேர்ந்து முடித்த 23 வரைபடங்களை 2017-இல் வெளியிட்டார்கள். ஆயிரக்கணக்கான ஓடைகளின் பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. மோலோங் மரங்கள், நஞ்சு மரங்கள், பழைய தங்குமிடங்கள், இறந்தவர்களைப் புதைத்த இடங்கள்கூட. பெயர் சொல்லத் தயங்கிய முன்னோர்களை வரைபடத்தில் புள்ளியாக வைக்க அவர்கள் மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். தடம் பதிக்காமல் வாழ்வதை மரியாதையாகக் கருதிய மக்கள், நீதிமன்றத்துக்காகத் தங்கள் தடங்களைத் தேடித் தேடிப் பொறுக்க நேர்ந்தது. இதை வெற்றி என்று கொண்டாட எனக்கு முழு மனம் வரவில்லை.

கொண்டாடும் நிலையில் சட்டமும் வைக்கவில்லை. 2016 டிசம்பரில் மலேசியாவின் உச்ச அமர்வான கூட்டரசு நீதிமன்றம், வெட்டாத காட்டின் மீதான பழங்குடி வழக்குரிமைக்கு சரவாக்கில் சட்ட வலு இல்லை என்று பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. போராட்டங்கள் எழுந்தன. 2018-இல் மாநில அரசு சட்டத்தைத் திருத்தி, ஊர்களின் கூட்டு எல்லையை ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்கு உச்சவரம்பு 1,000 ஹெக்டேர். அதாவது பத்து சதுர கிலோமீட்டர். 2009-இல் 17 பெனான் ஊர்கள் தாங்களாகவே தங்கள் காட்டை அமைதிப் பூங்கா என்று அறிவித்தபோது அதன் பரப்பு 1,630 சதுர கிலோமீட்டர். ஊருக்குச் சராசரியாகத் தொண்ணூறுக்கும் மேல். நெல் விதைக்கிற ஊருக்குப் பத்து போதுமோ என்னவோ. சாகோ முற்றும் வரை சுற்றிவர வேண்டிய கூட்டத்துக்கு அது ஒரு பருவத்துக்கும் காணாது. கோடரிக் கணக்கு இன்னும் மாறவில்லை.

பெனான்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள் என்று எழுதினால் அது பொய். சில ஊர்த் தலைவர்கள் நிறுவனங்களோடு கையெழுத்திட்டார்கள். இளைஞர்கள் சிலர் மரவெட்டு முகாம்களிலேயே வேலைக்குப் போனார்கள். மறியல் செய்தவர்களும் காட்டோடு சேர்த்து மருத்துவமனை, பள்ளிக்கூடம், அடையாள அட்டை ஆகியவற்றையும் கேட்டார்கள். அடையாள அட்டை இல்லாத பெனான்கள் இன்னும் இருக்கிறார்கள். அது இல்லாமல் ஓட்டும் இல்லை, வங்கிக் கணக்கும் இல்லை. முன்னேற்றம் வேண்டாம் என்று அவர்கள் சொன்னதே கிடையாது. வந்த முன்னேற்றம் எப்படி இருந்தது என்பதற்கு 2009-இல் மலேசிய அரசின் பணிக்குழு வெளியிட்ட அறிக்கையே சான்று. தூரத்துப் பள்ளிகளுக்குப் போக நிறுவன லாரிகளையே நம்பியிருந்த பெனான் சிறுமிகளை மரவெட்டு ஊழியர்கள் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியிருப்பதை அது உறுதிசெய்தது. அந்தப் புகார்களை அதுவரை மறுத்துவந்தவர்கள் மாநில அமைச்சர்கள். பள்ளிக்கூடம் காட்டி அழைத்த அரசு பள்ளிக்குப் போக ஒரு பேருந்து விடவில்லை.

போராடியவர்களில் காணாமல் போனவரும் உண்டு. லோங் கெரோங் ஊர்த் தலைவர் கெலேசாவ் நாஆன், 1998-இல் மற்ற மூன்று ஊர்த் தலைவர்களோடு சேர்ந்து மரவெட்டு நிறுவனத்தின் மீதும் மாநில அரசின் மீதும் வழக்குத் தொடுத்தவர். தம் காட்டின் எல்லைகளை நினைவிலிருந்து சொல்லக்கூடிய முக்கியச் சாட்சி. 2007 அக்டோபரில் கண்ணியைப் பார்த்துவரப் போனவர் திரும்பவில்லை. இரண்டு மாதம் கழித்து எலும்புகள் கிடைத்தன. கொலை என்று குடும்பத்தினர் சந்தேகப்பட்டார்கள், யாரும் தண்டிக்கப்படவில்லை.

வென்றதும் உண்டு. பாராம் ஆற்றில் 1,200 மெகாவாட் அணை கட்ட வந்தபோது கென்யா, கயான், பெனான் மக்கள் சேர்ந்து 2013 அக்டோபரில் வழியை மறித்தார்கள். சுமார் 20,000 பேர் இடம்பெயர வேண்டியிருந்த திட்டம் அது. இரவும் பகலும் முறைவைத்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்தார்கள். தாயிப்புக்குப் பின் வந்த முதலமைச்சர் அடெனான் சாதெம் திட்டத்தை நிறுத்தினார். 2016-இல் நிலம் எடுத்த அறிவிப்பையும் ரத்துசெய்தார்கள். அணைக்கு எதிராக மக்களைத் திரட்டிய சேவ் ரிவர்ஸ் என்ற சிறு அமைப்பின்மீது, அது மரச் சான்றிதழ் குறித்து வெளியிட்ட கட்டுரைகளுக்காக, 2021-இல் சாம்லிங் என்ற மரவெட்டு நிறுவனம் 50 லட்சம் ரிங்கிட் கேட்டு அவதூறு வழக்குப் போட்டது. ஊராரிடம் சரியாக ஒப்புதல் கேட்கவில்லை என்று எழுதியதுதான் விவகாரம். 2023 செப்டம்பரில், விசாரணை தொடங்கவேண்டிய வேளையில், நிறுவனமே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இதெல்லாம் எங்கோ போர்னியோவில் நடக்கும் கதை என்று நாம் விலகிக்கொள்ள முடியாது. ஜப்பான் வாங்குவது குறைந்த பிறகு சரவாக்கின் மரத்தடிகளை அதிகமாக வாங்கிய நாடு இந்தியா. 2010-களில் முதலிடத்தில் நாம்தான் இருந்தோம். ஜப்பானில் சான்றிதழ் பற்றிக் கேள்வி எழும்; ஐரோப்பாவில் சட்டமே கேட்கும். இந்தியத் துறைமுகங்களில் இறங்கும் தடியிடம் யாரும் ஊர் பேர் கேட்பதில்லை. நம் மரவாடிகளில் மலேசியா சால் என்ற பெயரில் வாசக்காலுக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் தேக்கைவிட மலிவாகக் கிடைக்கிறதே, அதில் எவ்வளவு எந்த ஆற்றின் தலைப்பகுதியிலிருந்து வந்தது என்று சொல்லும் தாள் ஒன்றும் கடையில் இருப்பதில்லை. வீடு கட்டுகிறவர்கள் மரம் எடுக்கும்போது கனஅடி விலையோடு இதையும் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாது, அவர் மொத்த வியாபாரியைக் கைகாட்டுவார். அவரையும் கேளுங்கள், பதில் சொல்லும் தாள் வராத மரத்தை எடுக்காதீர்கள்.